தெருவிளக்கின் மஞ்சளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலையில் இரவில் போனால், வானத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நட்சத்திரங்கள்தான் தெரியும். ஒருபுறம் துறைமுகத்தின் உயர்கோபுர விளக்குகள், மறுபுறம் நகராமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் முகப்பு வெளிச்சம், மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலையின் சுடர். போதாக்குறைக்குக் கடல்காற்றின் ஈரமும் லாரிப் புழுதியும் சேர்ந்து அந்த வெளிச்சம் முழுவதையும் வானத்தில் பூசி வைக்கின்றன. வானியல் பேசுவதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட மோசமான இடம் கிடைப்பது கடினம். ஆனால் விண்மீன்கள் எதனால் ஆனவை என்று மனிதன் கண்டுபிடித்த வழியைப் புரிந்துகொள்ள விண்மீன்கூடத் தேவையில்லை. பழைய சோடியம் தெருவிளக்கு ஒன்று போதும்.

கூடவே ஒரு கருவி வேண்டும். அட்டைப்பெட்டி, பழைய டிவிடி, இரண்டாக உடைத்த சவர பிளேடு, அவ்வளவுதான். பர்மா பஜாரில் கட்டுக்கட்டாக விற்ற டிவிடிகள் இப்போது மொட்டைமாடிகளில் புறா விரட்டத் தொங்குகின்றன; அதில் ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். பெட்டியின் ஒரு முனையில் பிளேடின் இரு விளிம்புகளையும் மயிரிழை இடைவெளி விட்டு ஒட்ட வேண்டும். எதிர்முனையில் டிவிடித் துண்டைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் ஒரு துளை போட்டு அதன் வழியே பார்க்க வேண்டும். சூரியனை நோக்கி மட்டும் இதைத் திருப்பவே கூடாது. பகலில் வெயில் விழும் வெள்ளைச் சுவரைப் பார்த்தாலே போதுமானது.

டிவிடியில் தகவல் பதிந்த தடங்கள் ஒன்றுக்கொன்று 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றிப் போகின்றன. ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய 1,350 தடங்கள். ஒவ்வொரு தடமும் தன்மேல் விழும் ஒளியைச் சிதறடிக்கிறது. பக்கத்துப் பக்கத்துத் தடங்களிலிருந்து கிளம்பும் அலைகள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் முகட்டோடு முகடு சேர்ந்து வலுப்பெறுகின்றன. மற்றக் கோணங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எந்தக் கோணம் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. ஆகவே 450 நானோமீட்டர் நீலம் ஓரிடத்திலும் 650 நானோமீட்டர் சிவப்பு வேறிடத்திலும் போய் விழுகின்றன. காசிமேடு படகுத்துறையில் டீசல் சிந்திய தண்ணீரின்மேல் மயில்கழுத்து நிறங்கள் நெளிவதும் இதே காரணத்தால்தான். எண்ணெய்ப் படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் இரண்டு அலைகள் அங்கே சேர்ந்தும் அழிந்தும் நிறங்களைப் பிரிக்கின்றன. ஒளி அலை என்பதற்கு 1801-இல் லண்டனில் தாமஸ் யங் சொன்ன சான்றும் இந்தக் குறுக்கீட்டு விளைவுதான்.

இனிப் பெட்டியை விளக்குகளின் பக்கம் திருப்பலாம். எல்ஈடி பல்பில் நீலத்தில் ஒரு பளிச்சென்ற பட்டை, பிறகு ஓர் இருண்ட பள்ளம், அதன்பின் பச்சையிலிருந்து சிவப்பு வரை அகலமான வெளிச்சம் தெரியும். உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன்மேல் பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. டியூப்லைட்டில் தனித்தனிக் கோடுகள் தெரியும். 546 நானோமீட்டரில் உள்ள பச்சையும் 436-இல் உள்ள ஊதாநீலமும் குழாய்க்குள் இருக்கும் பாதரசத்தினுடையவை. கடையில் என்ன பெயர் சொல்லி விற்றிருந்தாலும் உள்ளே பாதரசம் இருக்கிறது என்பதை ஒளி காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் சோடியம் விளக்கு. மாநகராட்சி பெரும்பாலானவற்றை எல்ஈடிக்கு மாற்றிவிட்ட பிறகும், அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் விளக்குகள் மிஞ்சியிருக்கின்றன. தண்டையார்பேட்டையில் ஒரு மாடியிலிருந்து அப்படி ஒன்றைக் காட்டியபோது கீழ்வீட்டுப் பையன் முதலில் கேட்ட கேள்வி: "அண்ணா, மஞ்சள் விளக்கு என்கிறீர்கள், மஞ்சளுக்கு நடுவில் ஏன் கறுப்பாக இருக்கிறது?"

இருக்கத்தான் செய்கிறது. இருபுறமும் மஞ்சளும் ஆரஞ்சும் தகதகக்க, சோடியத்துக்கே உரிய 589 நானோமீட்டரில், எந்த இடம் மிகப் பிரகாசமாக இருக்க வேண்டுமோ சரியாக அந்த இடத்தில், ஒரு கறுப்புப் பட்டை. காரணம் விளக்கின் உள்ளேயே இருக்கிறது. குழாயின் நடுவில் மின்வில் கொளுத்துகிறது; அங்குள்ள சோடிய ஆவி அதிக அழுத்தத்தில் அகலமான மஞ்சள் ஒளியைத் தருகிறது. குழாய்ச் சுவரை ஒட்டி இருக்கும் சோடிய ஆவி கொஞ்சம் குளிர்ந்தது. நடுவிலிருந்து வரும் ஒளி அதைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். தாண்டும்போது, தான் எந்த அலைநீளத்தை உமிழுமோ அதே அலைநீளத்தைக் குளிர்ந்த சோடியம் உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே கறுப்பு விழுகிறது. சூரியனுக்குள் நடப்பதும் இதுவேதான். பள்ளிக்கூடத்தில் ஏழு நிறங்களை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பிவிடுகிறோம். வானியலுக்கு வேண்டிய விஷயம் பெரும்பாலும் நிறங்கள் இல்லாமல் போன இடங்களில் இருக்கிறது.

நியூட்டன் 1666-இல் முப்பட்டகம் வைத்து வெயிலைப் பிரித்தபோது இந்தக் கோடுகளைப் பார்க்கவில்லை. வட்டமான துளையில் வந்த ஒளி ஒன்றின்மேல் ஒன்று படிந்து கோடுகளை மூடிவிட்டது. 1802-இல் ஆங்கிலேய வேதியியலாளர் வொல்லாஸ்டன் மெல்லிய பிளவு ஒன்றைப் பயன்படுத்திச் சில கறுப்புக் கோடுகளைக் கண்டார். நிறங்களுக்கு இடையிலான எல்லை என்று நினைத்து விட்டுவிட்டார். 1814-இல் கண்ணாடித் தொழிலாளியாக இருந்து வளர்ந்த ஜோசப் ஃபிரான்ஹோஃபர் 574 கோடுகளை எண்ணி, முக்கியமானவற்றுக்கு எழுத்துகளால் பெயர் வைத்தார். சோடியத்தின் இடத்தில் இருந்த இரட்டைக் கோடு 'டி'. ஆனால் அது சோடியம் என்பது அவருக்குத் தெரியாது.

1835-இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆகஸ்ட் கோம்ட், விண்மீன்களின் வேதியியல் கட்டமைப்பை மனிதன் ஒருபோதும் அறிய முடியாது என்று எழுதினார். அன்றைக்கு அது நியாயமான முடிவுதான். போய் அள்ளிக்கொண்டு வர முடியாத பொருளைச் சோதிப்பது எப்படி? அவர் இறந்து இரண்டே ஆண்டுகளில், 1859-இல், ஹைடல்பர்க்கில் குஸ்தாவ் கிர்க்காஃப் ஒரு சோதனை செய்தார். சூரிய நிறமாலையில், அதாவது வெயிலைப் பிரித்தால் கிடைக்கும் நிறப்பட்டையில், டி கோடுகள் இருக்கும் இடத்தில், உப்புத் தூவிய சுடரின் மஞ்சள் ஒளியை விழச்செய்தால் கறுப்பு நிரம்பிப் பிரகாசமாகிவிடும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் பலமான வெயிலைச் சுடர் வழியே விட்டபோது கோடுகள் இன்னும் கறுத்தன. சுடரில் இருந்த சோடியம் வெயிலைத் தின்றது. அப்படியென்றால் சூரியனிலும் ஏற்கெனவே ஏதோ சோடியம் அதைத் தின்றிருக்க வேண்டும். பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பொருளில் உள்ள தனிமத்தை மேசைமேல் இருந்த உப்பை வைத்து அடையாளம் கண்டாகிவிட்டது. அவரும் ராபர்ட் புன்சனும் இதே முறையில் 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ருபிடியத்தையும் கண்டுபிடித்தார்கள்.

ஏன் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள் என்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. ஒளியை அலை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது என்பது 1900-இல் பிளாங்க், 1905-இல் ஐன்ஸ்டைன் வழியாகத் தெரிந்தது. அது குறிப்பிட்ட அளவுள்ள சிப்பங்களாகவே கொடுக்கல் வாங்கல் செய்கிறது; அதிர்வெண் கூடினால் சிப்பத்தின் ஆற்றலும் கூடும். 1913-இல் நீல்ஸ் போர், அணுவுக்குள் எலக்ட்ரான் இஷ்டப்பட்ட ஆற்றலில் இருக்க முடியாது, சில படிநிலைகளில் மட்டுமே இருக்கும் என்றார். ஹைட்ரஜனில் மூன்றாம் நிலையிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 656.3 நானோமீட்டர் சிவப்பு. நான்கிலிருந்து இரண்டுக்கு 486.1. ஐந்திலிருந்து இரண்டுக்கு 434.0. ஏறும்போது அதே அளவை விழுங்கும். எண்ணூரில் இருக்கும் ஹைட்ரஜனுக்கும் ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளில் இருக்கும் ஹைட்ரஜனுக்கும் இந்தப் படிகள் ஒன்றே. வானியலில் நாம் சொல்லும் எல்லாமே இந்த ஒற்றை நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது. இதுவரை அது பொய்த்ததில்லை.

இந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தின் நிழல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாகச் சென்றது. குண்டூரில் பிரான்சிலிருந்து வந்த பியர் ழான்சென் முகாமிட்டார். மசூலிப்பட்டினத்துக்குச் சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் போனார். சந்திரன் சூரியனை மூடியதும், விளிம்பில் எழுந்து நின்ற செந்நிறச் சுடர்களை நிறமாலைமானி வழியாகப் பார்த்தார்கள். இங்கே கறுப்புக் கோடுகள் இல்லை, பளிச்சென்ற கோடுகள். சுடர்கள் கொதிக்கும் வாயு என்பது அந்த நொடியில் உறுதியானது. அவற்றுள் மஞ்சளில் ஒரு கோடும் இருந்தது.

குண்டூரில் ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதுவது நம் ஊர்ப் பழக்கமாகிவிட்டது. அது கொஞ்சம் அவசரம். ழான்செனின் பெரிய சாதனை வேறு. கோடுகள் அவ்வளவு பிரகாசமாக இருப்பதைக் கண்டு, கிரகணம் இல்லாமலே அவற்றைப் பார்க்கலாம் என்று யோசித்து மறுநாளே பார்த்தும் விட்டார். அந்த மஞ்சள் கோடு சோடியத்தினுடையது அல்ல என்ற வாதத்தைத் தெளிவாக வைத்தவர் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் லாக்யர். அதே ஆண்டு அக்டோபரில், இங்கிலாந்திலிருந்து, கிரகணம் இல்லாமல். சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் இருக்கின்றன. புதிய கோடு 587.6-இல். ஒன்றரை நானோமீட்டர்கூட இல்லாத அந்த வித்தியாசத்தை நம்பி, பூமியில் யாருமே பார்த்திராத ஒரு தனிமம், அதாவது ஹீலியம், சூரியனில் இருக்கிறது என்று சொல்ல துணிச்சல் வேண்டும். பல வேதியியலாளர்கள் நம்பவில்லை. 1895-இல் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து வெளிவந்த வாயுவில் அதே கோட்டைக் கண்டபிறகுதான் பேச்சு அடங்கியது.

கோடு தெரிந்தால் தனிமம் இருக்கிறது, சரி. எவ்வளவு இருக்கிறது? இங்கேதான் பெரிய சறுக்கல் நடந்தது. சூரிய நிறமாலையில் கால்சியம், இரும்பு இவற்றின் கோடுகள் அடர்த்தியாகத் தெரியும். ஆகவே சூரியனின் கலவையும் ஏறக்குறைய பூமியினுடையதுதான், சூடுதான் அதிகம் என்று இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் பெரியவர்கள் எல்லோருமே கருதினார்கள். காசிமேடு மீன் ஏலத்தில் காதில் விழும் குரல்களை வைத்து அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கணக்கிட்டால் எப்படியிருக்கும்? ஏலம் கூவுபவர் ஒருவர், வாயைத் திறக்காமல் விரலால் சைகை காட்டுபவர்கள் நாற்பது பேர்.

1920-இல் கொல்கத்தாவில் மேகநாத் சாகா எழுதிய சமன்பாடுதான் இதைப் பிரித்துக் காட்டியது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் எத்தனை பங்கு அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனியாகும் என்று அது சொல்கிறது. சூரியப் பரப்பின் வெப்பநிலை ஏறக்குறைய 5,770 கெல்வின். ஹைட்ரஜனின் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் விழ வேண்டுமென்றால் எலக்ட்ரான் முதலில் இரண்டாம் நிலையில் இருந்தாக வேண்டும். அந்தச் சூட்டில் மிகமிகச் சொற்பமான ஹைட்ரஜன் அணுக்களே இரண்டாம் நிலையில் இருக்கும். மற்றவை எல்லாம் இருந்தும் கோடு போடாதவை. கால்சிய அயனிக்கு அதே சூடு தோதானது. கொஞ்சம் இருந்தாலும் கருங்கோடு போட்டுவிடும். சிரியஸைப் போல ஏறக்குறைய 10,000 கெல்வினில் இருக்கும் விண்மீனில் ஹைட்ரஜன் கோடுகள் பட்டையாகத் தெரிவதும், 3,500 கெல்வின் அளவில் இருக்கும் திருவாதிரையில் மெலிந்து போவதும் கலவை மாறியதால் அல்ல, வெப்பநிலை மாறியதால்.

இந்தச் சமன்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹார்வர்டில் செசிலியா பெய்ன் என்ற ஆய்வு மாணவி விண்மீன்களின் கலவையைத் திரும்பக் கணக்கிட்டார். 1925-ஆம் ஆண்டின் அவரது ஆய்வேட்டில் வந்த விடை: விண்மீன்களில் ஹைட்ரஜனும் ஹீலியமுமே பெரும்பகுதி. ஹைட்ரஜன் உலோகங்களைவிடப் பல லட்சம் மடங்கு அதிகம். அன்றைய பெரும் வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் இது நடக்காத காரியம் என்று கடிதம் எழுதினார். பெய்ன் தன் விடையைத் தானே 'உண்மையாக இருக்க வாய்ப்பில்லை' என்ற பொருளில் எழுதிச் சமர்ப்பிக்க வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். நிறமாலையை வெறும் பெயர்ப்பலகையாகப் படித்தவர்களுக்கும், அணுவின் நிலையையும் சேர்த்துப் படித்தவருக்கும் இருந்த வித்தியாசம் அது. என்னைக் கேட்டால், ஹீலியத்தைவிடப் பெரிய கதை இதுதான். நம் பாடப்புத்தகங்களில் சாகாவுக்கு ஒரு வரி கிடைக்கிறது, பெய்னுக்கு அதுகூட இல்லை.

கோடு இருக்கும் இடம் கொஞ்சம் நகர்ந்தால் அது வேகம். டாப்ளர் விளைவுக்கு ரயில் ஹாரன் உதாரணத்தை எல்லோரும் சொல்லி முடித்துவிட்டதால் கணக்கை மட்டும் பார்க்கலாம். ஒளியின் வேகம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விண்மீன் விலகிப்போனால் அலைநீளம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீளும். 656.3-இல் இருக்க வேண்டிய கோடு 0.066 நானோமீட்டர் தள்ளி நிற்கும். பூமியே சூரியனை அந்த வேகத்தில்தான் சுற்றுகிறது. அதைக் கழிக்காமல் எந்த விண்மீனின் வேகத்தையும் சொல்ல முடியாது. கொடைக்கானல் ஆய்வகத்தில் 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டதும் இந்த நகர்வை அளந்துதான்.

1995-இல் மிஷேல் மேயரும் திதியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீன் நான்கு நாட்களுக்கு ஒருமுறை நொடிக்கு ஐம்பத்துச் சொச்சம் மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைவதைக் கண்டார்கள். கோடு நகர்ந்தது சுமார் 0.0001 நானோமீட்டர். அசைப்பது ஒரு கோள். கோளை யாரும் பார்க்கவில்லை. இன்னொரு முனையில், 1963-இல் மார்ட்டன் ஷ்மிட், 3சி 273 என்ற நட்சத்திரம் போன்ற பொருளின் புரியாத கோடுகள் நமக்குத் தெரிந்த ஹைட்ரஜன்தான், 16 சதவீதம் சிவப்பை நோக்கி நகர்ந்திருக்கிறது என்று கண்டுகொண்டார். 486.1-இல் இருக்க வேண்டியது 563-இல் இருந்தது. இவ்வளவு பெரிய செம்பெயர்ச்சி பொருளின் ஓட்டத்தால் மட்டும் வருவதல்ல. ஒளி பயணப்பட்ட சுமார் 200 கோடி ஆண்டுகளில் விண்வெளியே விரிந்ததால் வருவது.

நிறமாலை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைக்க வேண்டாம். சூரியனின் ஆரம் ஏழு லட்சம் கிலோமீட்டர். அதன் நிறமாலை வருவது மேலே உள்ள சில நூறு கிலோமீட்டர் தோலிலிருந்து. உள்ளே நடப்பதை அறிய நியூட்ரினோ என்ற நுண்துகள்களும் சூரியப் பரப்பின் அதிர்வுகளும் வேண்டியிருந்தன.

தெருவிளக்கு மாறியதில் வானியலாளர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. சோடியம் விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சளைச் சுற்றி ஒதுங்கியிருந்தது. நிறமாலையில் அந்தப் பகுதியை வடிகட்டிவிட்டு மற்றதைப் படிக்கலாம். எல்ஈடி வெள்ளை நீலத்திலிருந்து சிவப்பு வரை பரந்து கிடக்கிறது, அதை வெட்டியெடுக்க வழியில்லை. நீலம் காற்றில் அதிகமாகச் சிதறவும் செய்கிறது. மின்சாரம் மிச்சமாவது உண்மை, தெருக்கள் பாதுகாப்பாக இருப்பதும் உண்மை. ஆனால் விளக்குக்கு மேல் ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைச் சாலைக்கு மட்டும் அனுப்புவதற்கு இவை இரண்டும் தடையில்லை.

இதே முறை இப்போது வடசென்னையையும் மேலிருந்து பார்க்கிறது. 2022-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, சுமார் 700 ஒளியாண்டு தொலைவில் உள்ள வாஸ்ப்-39பி என்ற கோளின் வளிமண்டலம் வழியே வந்த விண்மீன் ஒளியில் கந்தக டை ஆக்சைடின் தடயத்தைக் கண்டது. அகச்சிவப்பில், 4 மைக்ரோமீட்டர் அருகே ஒளி குறைந்திருந்தது. அங்கே அந்த வாயுவை உண்டாக்குவது விண்மீனின் ஒளி தூண்டும் வேதிவினைகள். 2017-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-5பி செயற்கைக்கோள், பூமியில் பட்டுத் திரும்பும் வெயிலைப் பிரித்து, அதே கந்தக டை ஆக்சைடு புறஊதாவில் எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்றும், நைட்ரஜன் டை ஆக்சைடு நீலத்தில் எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்றும் ஒவ்வொரு நாளும் அளக்கிறது. ஃபிரான்ஹோஃபரின் கோடுகளுக்கு நடுவே நம் புகையின் கோடுகளும் பதிவாகின்றன. வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களில் கந்தக டை ஆக்சைடை உண்டாக்குவது நிலக்கரியில் இருக்கும் கந்தகம். அனல்மின் நிலையங்கள் எவ்வளவு கந்தக டை ஆக்சைடை வெளிவிடலாம் என்ற வரம்பை மத்திய அரசு 2015 டிசம்பரில் அறிவித்தது. அதை நிறைவேற்றுவதற்கான காலக்கெடு பலமுறை தள்ளிப்போடப்பட்டிருக்கிறது.